ஓசூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர்: காட்டுயிருக்கு விடுவதென்றால் எந்த வழி?

"வீட்டுக்கடன் முடிஞ்சதும் தளி பக்கம் ரெண்டரை ஏக்கர் வாங்கிப் போட்டோம். எங்களுக்கு விவசாயம் தெரியாது. பறவை, முயல், மயில் எல்லாம் வந்து போற மாதிரி விட்டுடலாம்னு ஆசை. ஒருத்தர் மியாவாக்கி குறுங்காடு போடுங்கன்னு சொல்றார், இன்னொருத்தர் சும்மா விடுங்கன்னு சொல்றார், புரோக்கர் சந்தனம் வைங்கன்னு சொல்றார். எதைத்தான் செய்யறது?" ராமமூர்த்தி நகர் வாசகி ஒருவரின் கேள்வி இது. அல்சூரில் ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தேன்கனிக்கோட்டை அருகே தாத்தா காலத்து மானாவாரி நிலம் நாலு ஏக்கர் இருக்கிறது. அவர் கேட்பதும் இதேதான். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பதி ஹாரோஹள்ளியில் வாங்கிய ஒரு ஏக்கர் முழுக்கத் தைலமரக் கட்டை.

மூவர் நிலமும் வரைபடத்தில் ஒரே பகுதியில்தான் இருக்கிறது. பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. அதை ஒட்டிக் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். தமிழ்நாட்டுப் பக்கம் 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயங்கள். காகிதத்தில் நாலு பெயர் இருந்தாலும் யானைக்கு எல்லாம் ஒரே காடு. அந்தக் காட்டின் விளிம்பிலும் இடுக்கிலும்தான் நம் பட்டா நிலங்கள் கிடக்கின்றன. அதனால் இங்கே ஒரு ஏக்கரில் செய்வதற்கும் பலன் உண்டு, வினையும் உண்டு.

## முதலில் கேள்விகள்

மரம் பிடிக்குமா, பறவை பிடிக்குமா என்பதை வைத்து வழியைத் தேர்ந்தால் கையைச் சுடும். நான் முதலில் கேட்பது இதைத்தான்: செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் நிலத்தில் யார் இருப்பார்? ஞாயிறு காலை சில்க் போர்டு தாண்டிப் போய் மாலை திரும்புகிறவர் நீங்கள். ஆடு நுழைவதும் தீ பிடிப்பதும் சொட்டுக் குழாயை எலி கடிப்பதும் வாரநாளில். கீழே சொல்லும் எந்த வழியும் இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் நிற்காது.

அடுத்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது. உழுத நிலமா, பல வருடமாக மேய்ச்சலில் கிடந்ததா, பாறையும் புல்லுமா, தைலமரமா? மூன்றாவது, யானை வரும் வழியா? இதைப் பத்திர எழுத்தரிடம் கேட்காதீர்கள், பக்கத்துக் காட்டில் ராகி போடுகிறவரைக் கேளுங்கள். நாலாவது தண்ணீர். ஐந்தாவது, பத்து வருடம் கழித்தும் இந்த நிலம் உங்கள் குடும்பத்திடம் இருக்குமா? பிள்ளைகள் கல்யாணத்துக்கு விற்பதாக இருந்தால் அதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது. அதற்கேற்ற வழியும் இருக்கிறது.

| வழி | வாரநாளில் ஆள் | தண்ணீர் | செலவு எதில் போகும் | யாருக்கு நல்லது | காகிதச் சிக்கல் |
|---|---|---|---|---|---|
| வேலி போட்டு விடுதல் | அவ்வப்போது. கோடையில் கட்டாயம் | தேவையில்லை | வேலி, உண்ணிச்செடி, தீத்தடுப்பு | காடை, கௌதாரி, முயல், நரி, மயில் | பதிவில் 'தரிசு' ஆகும் |
| மியாவாக்கி | தினமும், 2–3 ஆண்டு | மிக அதிகம் | நாற்று, மண் வேலை, டேங்கர் | சிறு பறவை, பட்டாம்பூச்சி | குறைவு |
| உயிர்வேலியும் பயிரும் | பயிர்க் காலம் முழுக்க | மானாவாரி போதும் | கூலி, விதை, பயிர்ச் சேதம் | தேவாங்கு, ஆந்தை, கீரி, தேனீ | மிகக் குறைவு. குத்தகையில் கவனம் |
| நிர்வகிக்கப்படும் பண்ணை மனை | நிறுவனம் பார்க்கும் | போர்வெல் | ஆண்டுக் கட்டணம் | பெரும்பாலும் யாருக்கும் இல்லை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |
| சமூகக் காப்பகம், அறக்கட்டளை | ஊரே வேண்டும் | இடத்தைப் பொறுத்தது | நேரம் | கூடு கட்டும் பறவைக் கூட்டம், பெரு விலங்கு | திரும்பி வர முடியாது |

## வேலி போட்டு விட்டுவிடுவது

சும்மா விடுவது என்றால் வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆடு மாடு, தீ, உண்ணிச்செடி மூன்றையும் வெளியே நிறுத்துவதுதான் இதில் வேலை. மிச்சத்தை மண்ணே பார்த்துக்கொள்ளும், மண்ணில் இன்னும் சரக்கு இருந்தால்.

சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஜூலை மழை பெய்து முடிந்ததும் நிலத்தில் குனிந்து நடங்கள். பல வருடம் ஆடு கடித்துக் கடித்துக் கணுக்கால் உயரத்துக்கு மேல் எழாத உசில், புரசு, வேங்கை, வெக்காலி தென்படும். மேலே தெரிவது நாலு இலைதான். தோண்டிப் பார்த்தால் கீழே கட்டைவிரலைவிடத் தடித்த வேர். அது நேற்று முளைத்த கன்றில்லை, வருடக்கணக்காகக் காத்திருக்கும் மரம். பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி ஐந்தாறு இடத்தில் எண்ணுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்றாவது கிடைத்தால் ஏக்கருக்கு 435 மரம் ஏற்கனவே நட்டாகிவிட்டது என்று கணக்கு. அந்த நிலத்தில் நாற்று வாங்குவது வீண்செலவு. ஜேசிபி விட்டுச் 'சுத்தம்' செய்வது அதைவிட மோசம். வேர்க்கட்டை எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். புது நிலம் வாங்கினவர்கள் முதலில் செய்கிற காரியமும் இதுவாகத்தான் இருக்கிறது.

வருடா வருடம் உழுத நிலமென்றால் இந்த வேர் இருக்காது. முதல் மழைக்குப் பார்த்தீனியம், அடுத்து புல், அப்புறம் ஆவாரை, விராலி என்று மெதுவாகத்தான் வரும். இங்கே ஒரு சின்னக் கைகொடுத்தல் போதும். நிலத்தில் நாலைந்து இடத்தில் ஆல், அரசு, அத்தி மரப் போத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி மழைக்கு முன் ஊன்றி, முள் கட்டி விடுங்கள். பறவைக்கு உட்காரக் கிளை கிடைத்துவிட்டால் எச்சத்தோடு நாவல், வேம்பு, சந்தன விதையெல்லாம் தானாக வந்து விழும்.

பாறையும் புல்லுமாக இருக்கும் நிலத்தில் மரமே வேண்டாம். பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவில் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து இறங்குவது அங்கே புல்வெளி இருப்பதால். வானம்பாடி, ஆள்காட்டி, கௌதாரி எல்லாம் திறந்த வெளியை நம்பியவை. மரம் நட்டால் புண்ணியம் என்ற நம் பழக்கத்தை இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் அடக்கிவைக்கலாம்.

உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் பரப்பிய முறை ஒன்று உண்டு. மண்ணுக்குக் கீழே சில அங்குலம் மண்வெட்டியை இறக்கி, துளிர்விடும் கணுவுக்குக் கீழாக வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். காய்ந்து போகும், மறுபடி ஊன்றாது. மருந்தும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், இரண்டு ஆளும் பொறுமையும் போதும். ஆனால் மொத்த நிலத்தையும் ஒரே வருடத்தில் மொட்டையடிக்காதீர்கள். வேறு புதர் வரும்வரை சின்னானுக்கும் முயலுக்கும் அதுதான் மறைவிடம். கால்வாசி, கால்வாசியாக எடுப்பதே நல்லது. பூத்துக் காய்ப்பதற்கு முன் எடுத்தால் அடுத்த வருட வேலை பாதியாகும்.

இனி வெளியே தெரியாத செலவுகள். முதலாவது வேலி. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி, இரண்டு ஏக்கருக்கு 1,180 அடிதான். நிலம் கூடக் கூட ஏக்கருக்கு வேலிச் செலவு குறையும். நீளவாக்கில் வால் போல ஓடும் நிலமென்றால் கணக்கு தலைகீழ்.

இரண்டாவது, மேய்க்கிறவர்கள். உங்களுக்குப் பத்திரம் வந்தது சமீபத்தில். அவர்கள் ஆடு அங்கே மேய்ந்தது அப்பன் காலத்திலிருந்து. கம்பி கட்டிப் பூட்டுப் போட்டால் ஒரு ராத்திரியில் அறுபடும், புல் காய்ந்த மாதத்தில் யாரோ தீக்குச்சி கிழிப்பார்கள். "புல்லை நீங்களே அறுத்துக்கிட்டுப் போங்க, ஆட்டை மட்டும் உள்ள விடாதீங்க" என்று பேசி முடித்தவர்கள் நிலம்தான் பச்சையாக நிற்கிறது. அறுத்த புல் தீக்கு இரையாகாது என்பதால் இதில் இரண்டு பக்கமும் லாபம். பிப்ரவரிக்குள் வேலியை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டாக வேண்டும்.

மூன்றாவது, காகிதம். சாகுபடி நின்றால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறும். கர்நாடகப் பக்கம் அதே போன்ற பதிவான பஹணியில் பயிர்க் கட்டம் காலியாகும். விவசாய நிலத்தை விற்று வேறு விவசாய நிலம் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் மூலதன ஆதாய வரிச் சலுகை, விற்பனைக்கு முந்தைய 2 ஆண்டுகள் அந்த நிலத்தில் விவசாயம் நடந்திருந்தால்தான். பின்னால் விற்கும் எண்ணம் உள்ளவர்கள் ஆடிட்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொரு பயமும் பலருக்கு உண்டு. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமை யாருடையதானாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. அதிலிருந்து, மரம் அடர்ந்தால் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு கிராமங்களில் சுற்றுகிறது. எடுத்துக்கொள்வது வேறு, மாற்றுப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்க வேண்டிவருவது வேறு. உங்கள் சர்வே எண், வனத்துறை நிலமாக இல்லாவிட்டாலும் காடாகவே கணக்கிடப்படும் 'கருதப்படும் காடு' பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்ப்பதுதான் முறை. கையளவு நிலத்தில் புதர் வளர்வதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

இந்த வழி யாருக்கு? மேய்ச்சலில் கிடந்த நிலம், காட்டுக்குப் பக்கம், விற்கும் எண்ணம் இல்லை, உள்ளூரில் நம்பிக்கையான ஒரு ஆள் உண்டு என்றால் இதற்கு மேல் வழி இல்லை. ராமமூர்த்தி நகர் வாசகி அனுப்பிய படங்களில் தெரிவது இந்த வகை நிலம்தான். வாசற்படியில் நாற்று லாரி நிற்கிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அம்மா.

## மியாவாக்கி

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. அவர் 2021-இல் காலமானார். மண்ணை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, உமி, தொழுஉரம், நார்க்கழிவு கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து நாற்று நட்டு, மூடாக்கு போட்டு, இரண்டு மூன்று வருடம் தண்ணீர் விட வேண்டும். பெங்களூரில் இதை ஒரு தொழிலாகவே எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடத்தில் தலைக்கு மேல் பச்சை நிற்பது உண்மை. படம் எடுத்தால் அழகாக இருப்பதும் உண்மை.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். மீட்டருக்கு மூன்றே நாற்று என்றாலும் 12,000-க்கு மேல். இருபதடிக்கு ஒன்று என்று சாதாரணமாக மரம் வைத்தால் அதே ஏக்கருக்கு 109 போதும். கோடையில் நாற்றுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் தினம் இரண்டு. 2024 மார்ச்சில் டேங்கர் விலைக்கு அரசே உச்சவரம்பு போட வேண்டி வந்த ஊர் பெங்களூர். போர்வெல்லில் எடுப்பதென்றால், உங்கள் காட்டுக்காகப் பக்கத்துக் கிணறு வற்றும்.

உயிர்கள் கணக்கிலும் எனக்குத் திருப்தி இல்லை. மழை நிறைந்த பசுமைமாறாக் காட்டை மனதில் வைத்து உருவான முறை இது. நம் பகுதி இலையுதிர் காடும் முட்புதரும். மரத்துக்கு மரம் இடைவெளி, நடுவே புல், புல்லில் வெயில் என்பதுதான் இங்கே காட்டின் அமைப்பு. அந்த வெயில் போனால் புல் போகும், புல்லோடு முயலும் காடையும் போகும்.

நகரத்துக்குள் ஐந்து பத்து சென்ட், தொழிற்சாலை மூலை, பள்ளி மதில் ஓரம், பக்கத்திலேயே சுத்திகரித்த தண்ணீர் கிடைக்கும் அடுக்குமாடி வளாகம் என்றால் தாராளமாகச் செய்யலாம். தையல்சிட்டும் செண்பகமும் தேன்சிட்டும் நிச்சயம் வரும், தூசியும் சத்தமும் குறையும். தளியில் இரண்டரை ஏக்கருக்கு இது வேண்டாம்.

## உயிர்வேலியும் பயிரும்

பலருக்கு இது சலிப்பான வழியாகத் தெரியும். காடு வளர்க்கலாம் என்று வந்தவரிடம் போய் ராகி போடுங்கள் என்றால்? ஆனால் நான் பார்த்தவரை வார இறுதிக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் பொருந்துவது இதுதான். காரணம், பயிர் இருக்கும் நிலத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் இருப்பார்.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். தனியார் பட்டா நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். பட்டி பட்டியாகப் பிரித்து மாறி மாறி மாடு மேய்ப்பார்கள். காங்கேயம் காளைக்காக ஏற்பட்ட ஏற்பாடுதான். ஆனால் அந்த வேலியிலும் புல்லிலும் குடியிருக்கும் உயிர்களை எண்ணி மாளாது. வருமானமும் வாழிடமும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டாம்.

முறை இதுதான். எல்லையை ஒட்டி ஐந்தாறு அடி அகலத்துக்கு உயிர்வேலி. மழைக்கு முன் கிளுவைக் குச்சியை நெருக்கமாக ஊன்றி, இடையிடையே நொச்சி, காரை, சூரை, களா. இருபது முப்பதடிக்கு ஒரு மரம்: புங்கன், வேம்பு, விளா, இலுப்பை. மூன்று வருடத்துக்கு வேலிக்குள் வேலியாக முள்ளைச் சொருகிக் காப்பாற்றினால் போதும், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளே மானாவாரி ராகி, நாலு வரிசைக்கு ஒரு வரிசை அவரை, துவரை, ஆமணக்கு. கன்னட விவசாயிகள் அக்கடி சாலு என்று காலங்காலமாகச் செய்வது இது. தேனீக்கும் குளவிக்கும் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும்.

இந்த வேலியின் அருமை தேவாங்குக்குத்தான் தெரியும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் இன்னும் இருக்கிறது அந்த உருண்டைக் கண்ணன். தரையில் இறங்கி நடப்பதை அது கூடியவரை தவிர்க்கும், கிளைக்குக் கிளை கை எட்ட வேண்டும். தனியாக நிற்கும் அரை ஏக்கர் தோப்பு அதற்கு ஒரு தீவு. இரண்டு தோப்பை இணைக்கும் அடர்ந்த வேலி அதற்குத் தெரு. ஆகவே வேலியை எங்கே ஆரம்பிப்பது என்றால், பக்கத்துக்காரர் வேலி முடியும் இடத்தில்.

யானை. இதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பகுதியைப் பற்றி எழுத முடியாது. ராகி முற்றும் காலத்தில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பன்னேர்கட்டா, ஜவளகிரி காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஓசூர், சானமாவு வரை வந்து போவது வருடாந்திர வழக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவல் பரணில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் சொன்னார்: "நீங்க பொங்கலுக்கு வருவீங்க சார். அது அதுக்கு முன்னாடியே வந்து பொங்கல் வச்சுட்டுப் போயிடும்." யானை வழியில் நிலம் இருந்தால் ராகியை மறந்துவிட்டு மிளகாய், எள், ஆமணக்கு போடுங்கள், யானை அவ்வளவாகச் சீண்டாது. பலா, வாழை, கரும்பு மூன்றும் கூடவே கூடாது. "யானை சாப்பிட்டுப் போகட்டுமே, பாவம்" என்று பலா வைக்கிற நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலாவுக்காக வரும் யானை போகிற வழியில் பக்கத்து வீட்டு ஓட்டைப் பிரிக்கும். அந்த வீட்டில் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் இந்திரா நகரில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சோலார் வேலி போடுவதென்றால் விட்டு விட்டு அதிர்வு தரும் முறையான கருவியோடு போடுங்கள். கம்பத்து மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது குற்றம். யானையும் சாகும், மனிதனும் சாவான், பட்டாவில் பெயர் உள்ளவர் ஜெயிலுக்குப் போவார். உள்ளூர் ஆள் உங்களுக்குத் தெரியாமல் செய்திருந்தாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைப்பதும் அப்படியே.

மறைந்திருக்கும் இன்னொரு சிக்கல் குத்தகை. "யாராவது உழுதுக்கட்டும்" என்று வாய்வார்த்தையில் விடுவது நம் வழக்கம். கர்நாடகத்தில் 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், சில விதிவிலக்கு தவிர, விவசாய நிலக் குத்தகையை ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுகிறவருக்கு உரிமை தருகிறது. இரண்டு மாநிலத்திலும் கூலிக்கு ஆள் வைத்து உங்கள் பெயரில் சாகுபடி செய்து, கூலி கொடுத்ததற்குக் கணக்கு வைத்திருப்பதுதான் நிம்மதி. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கவும் உங்கள் பெயரில் சாகுபடிப் பதிவு தேவைப்படும்.

அல்சூர்ப் பெரியவருக்கு என் யோசனை இதுதான். தாத்தா நிலம், நாலு ஏக்கர், உழுத மண், பங்காளிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். சுற்றிலும் உயிர்வேலி, இரண்டரை ஏக்கர் பயிர், ஓடைப் பக்கத்து ஒன்றரை ஏக்கர் தொடாமல் விடுவது. பயிர் வருமானம் வேலிச் செலவையாவது தாங்கும். பங்காளிக்கும் வேலை, உங்களுக்கும் ஊருக்குப் போக ஒரு சாக்கு.

ஹாரோஹள்ளித் தம்பதிக்கும் இந்த வழியேதான், கொஞ்சம் தாமதமாக. கர்நாடக அரசு தைலமர நடவை 2017-இல் தடை செய்தது. ஆனால் ஏற்கனவே நட்டது வெட்ட வெட்டத் துளிர்க்கும். கட்டையோடு பெயர்த்தால்தான் தீரும். மேலே ஜேசிபியைத் திட்டினேன், இங்கே மட்டும் அது வேண்டும். பெயர்த்த பின் இரண்டு வருடம் கொள்ளு, அவரை, துவரை போட்டு மண்ணைத் தேற்றுங்கள். அதற்குள் வேலி ஏறிவிடும். இடையில் வேறு மரங்கள் நின்றால், வெட்டும் முன் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி அனுமதி வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## பண்ணை மனை, சந்தனம்

2020-இல் கர்நாடகம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்க வழிவிட்ட பிறகு நிர்வகிக்கப்படும் பண்ணை மனை விளம்பரங்கள் பெருகிவிட்டன. கால் ஏக்கர் உங்கள் பெயரில், மரம் அவர்கள் வைப்பார்கள், வார இறுதிக்குக் குடில். பொழுதுபோக்காக வாங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வாழிடம் என்ற பெயரில் வாங்காதீர்கள். சந்தனம், மகோகனி, மாதுளை வரிசையில் நிற்பது தோட்டம்தான். சந்தனம் முற்றினால் இரவுக் காவல், நாய், விளக்கு எல்லாம் வரும். விளக்கும் நாயும் வந்த இடத்தில் எந்தக் காட்டுயிர் இருக்கும்?

## சமூகக் காப்பகம், அறக்கட்டளை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம், தனியார் நிலத்தையும் உரிமையாளர் விருப்பத்தோடு சமூகக் காப்பகமாக அறிவிக்க வழி செய்தது. பெங்களூர் – மைசூர்ச் சாலையிலிருந்து உள்ளே போனால் கொக்கரே பெள்ளூர் என்ற கிராமம். ஊர்க்காரர்களின் புளியமரத்திலும் அத்தி மரத்திலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டுகின்றன. எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும், புளி விளைச்சல் குறையும், ஊர் விரட்டவில்லை. 2007-இல் அது சமூகக் காப்பகமானது.

இதில் உங்கள் கை கட்டப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அறிவிப்பு வந்த பின் நிலப் பயன்பாட்டை மாற்ற நிர்வாகக் குழுத் தீர்மானமும் அரசு ஒப்புதலும் வேண்டும். பேரப்பிள்ளை மனை போட நினைத்தாலும் முடியாது. நிரந்தரம் வேண்டும் என்கிறவருக்கு இதுவே பலம். தனியாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதற்கு விண்ணப்பிப்பதில் அர்த்தம் இல்லை. ஓடைக்கரை நெடுக ஒரு ஊரே சேர்ந்தால் பேசலாம்.

குடகில் அனில், பமீலா மல்ஹோத்ரா தம்பதி 1991-இல் தொடங்கி, கைவிட்ட காப்பித் தோட்டங்களையும் வயல்களையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஏறத்தாழ 300 ஏக்கர் தனியார் சரணாலயமாக்கினார்கள். அந்தக் கதையைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் அதிகம். பிரம்மகிரி மழையும் வற்றாத ஓடையும் பாதி வேலையைச் செய்த இடம் அது. இங்கே வருடத்துக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, காட்டை ஒட்டிய நிலத்தையே தேடி வாங்கிய புத்தியை. நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதுவதென்றால் மரமும் விலங்கும் தெரிந்த ஒருவராவது அறங்காவலராக இருக்க வேண்டும், அடுத்த முப்பது வருடத்துக்கு மின்கட்டணம் யார் கட்டுவார் என்பதும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

## எந்த வழி போனாலும்

பண்ணைக் குட்டையில் கருப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். செங்குத்தான வழுக்கும் கரை. தண்ணீர் குடிக்க இறங்கிய முயல் ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்து மிதக்கும். கரையோரம் முழுக்க நகக் கீறல் தெரியும். தேங்காய் நார்க் கயிற்று வலையைக் கல் கட்டித் தொங்கவிட்டால் செலவு சொற்பம். புதிதாக வெட்டுவதென்றால் ஒரு பக்கமாவது சரிவாக, விரிப்பில்லாமல், மண்ணாக இருக்கட்டும். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். தவளை இல்லாத குட்டைக்குக் கொக்கு வருவது குறையும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு இருந்தால் அதுதான் முதல் செலவு. சிறுத்தையும் யானைக் கன்றும் விழுவது இந்தக் கிணறுகளில்தான்.

கம்பி வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு ஆரம்பியுங்கள், கீரியும் முயலும் நுழையட்டும். முள்கம்பியின் மேல் வரிசையில்தான் இரவில் ஆந்தையும் வௌவாலும் சிக்குகின்றன. அந்த ஒரு வரிசையாவது சாதாரணக் கம்பியாக இருக்கட்டும்.

காவலுக்கு என்று நாய் வளர்க்க வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் சோறு போட ஆள் இல்லாத நாய் தானாக வேட்டைக்குப் போகும், அந்த நாயைத் தேடிச் சிறுத்தை வரும். பன்னேர்கட்டாவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் 2020 அறிவிப்பின்படி 168.84 சதுர கிலோமீட்டர். உங்கள் நிலம் அதற்குள் என்றால் விவசாயத்துக்குத் தடையில்லை, விடுதி கட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் எல்லைக்குப் பொறுப்பான வனக்காவலர் யார் என்று விசாரித்து, அவருடைய எண்ணை நீங்களும் நிலத்தைப் பார்க்கும் ஆளும் போனில் வைத்திருங்கள். யானை வந்த ராத்திரியில் ஆறு மைல் தள்ளி இருக்கும் அவர்தான் முதலில் வந்து சேர்வார், பெங்களூரிலிருந்து நீங்கள் கிளம்புவதற்குள்.